நாங்கள் கட்டாமல் விட்ட பேய்

என் தம்பி மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். போன மாதம் ஊருக்கு வந்தபோது ஒரு நாவலை என் மடியில் போட்டு, "அத்தை, உங்க கதைய யாரோ எழுதிட்டாங்க" என்றாள். சென்னையில் அக்கா தங்கை இருவர். இருட்டினால் மொட்டைமாடிக்கு மொட்டைமாடி தாவுகிறார்கள். ஆளுக்கொரு வாள். பேயைக் கண்டதும் வெட்டுகிறார்கள், அது புகையாகப் போய்விடுகிறது. விறுவிறுப்பாகத்தான் இருந்தது, கீழே வைக்க மனம் வரவில்லை. ஆனால் படிக்கப் படிக்க எரிச்சலும் வந்தது. பேய் என்றாலே செத்தவர்தானே? செத்தவரை இன்னொரு தரம் எப்படி வெட்டுவது? அதுவாவது போகட்டும். அந்தப் பெண்கள் கடைசிப் பக்கம் வரைக்கும் ஒரு வாய் டீ குடிக்கவில்லை. எந்தப் பேயிடமும் பெயர்கூடக் கேட்கவில்லை.

நானும் என் அக்கா ஆரோக்கியமேரியும் எண்பதுகளில் தர்மபுரி டவுனில் பேய் பிடிக்கும் வேலையில் இருந்தவர்கள். சம்பளம், லீவு, பென்ஷன் எல்லாம் உள்ள வேலை. சுகாதார ஆபீசில் கொசு மருந்து அடிக்கும் மெஷின்களை நிறுத்தும் கொட்டகைக்குப் பக்கத்து அறை எங்களுடையது. இப்போது அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் இருவரும் அதே நாவலைப் படித்துவிட்டு எனக்குப் போன் செய்தார்கள். "மேடம், உங்க காலத்துல இப்படித்தான் இருந்துச்சா?" என்று கேட்டார்கள். எப்படி இருந்தது என்று ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். ஆளுக்கு ஆள் போனில் சொல்லித் தொண்டை கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

இந்த வேலைக்கு உடன்பிறந்த அக்கா தங்கையைத்தான் எடுப்பார்கள். ஒருத்தி பேயிடம் பேச வேண்டும். மற்றவள், பேசுகிறவளையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பேசுகிறவள் மேல் அது தாவிவிட்டால் அவள் குரலில் ஒரு மயிரிழை மாறும். அந்த மயிரிழையைக் கண்டுபிடிக்க, அவளோடு ஒரே பாயில் படுத்து, ஒரே தட்டில் சண்டை போட்டுத் தின்று வளர்ந்திருக்க வேண்டும். அக்கா பேசுவாள், நான் பார்ப்பேன். வீட்டில் பேச்சு என்னுடையது. வேலையில் வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குப் பெரிய தண்டனையாகத்தான் இருந்தது.

பயிற்சி சேலத்தில் நடந்தது. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மதியத்துக்கு மேல் தூக்கம் வரும், சாம்பார் தண்ணீராக இருக்கும். மற்றதையெல்லாம் வேலைக்குப் போய்த்தான் கற்றுக்கொண்டோம்.

அக்காதான் எனக்கு மேலதிகாரி. கஞ்சி போட்ட வாயில் புடவை, கறுப்புக் குடை, கழுத்தில் மாதா படம் வைத்த உத்தரியக் கயிறு, தோளில் ரெக்சின் பை. பேய்களிடம் அவள் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. "வாங்க, இப்படி உக்காருங்க" என்றுதான் ஆரம்பிப்பாள். பேய்க்குத் தாராளமாக 'ங்க' போடுவாள், ஆபீசருக்குப் போடுவதென்றால்தான் கொஞ்சம் யோசிப்பாள். வேப்பிலை அடி, சாட்டை, மிளகாய்ப் புகை எதுவும் எங்களிடம் கிடையாது. அடி விழுவது பேய்க்கா, உடம்பு யாருடையதோ அந்தப் பொம்பளைக்கா என்று கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவோம். ஃபாதருக்கு எங்கள் வேலை தெரியும். பாவசங்கீர்த்தனத்தில் அவர் அதைக் கேட்கமாட்டார், நாங்களும் சொல்லமாட்டோம்.

முறை இதுதான். காலையில் வீட்டு வேலை முடிந்த பிறகு போவோம். ராத்திரியில் போவதில்லை. ராத்திரியில் வீட்டுக்காரர்கள் பயந்துபோய் இருப்பார்கள், பயந்தவர்கள் பொய் சொல்வார்கள். போனதும் நான் கொல்லைப்பக்கம் போய் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவேன். அதற்குள் அக்கா வீட்டு ஆட்களிடம் தனித்தனியாகப் பேசியிருப்பாள். பாதி வீடுகளில் பேயே இருக்காது. குடிகாரப் புருஷன் இருப்பான், பசி இருக்கும், பிடிக்காத கல்யாணம் இருக்கும். அப்படியென்றால் அதைச் சொல்லிவிட்டு வந்துவிடுவோம். சந்தேகம் இருந்தால் தரையில் ராகி மாவைத் தூவி நடக்கச் சொல்வோம். பேய் பிடித்தவர்களுக்குக் குதிகால் தரையில் பதியாது. மாவில் முன்பாதம் மட்டும் தெரியும்.

பிறகு மணைப்பலகையைப் போட்டு உட்காரவைத்து, பெயர் கேட்க வேண்டும். எல்லாம் பெயரில்தான் இருக்கிறது. பேய் தன் பெயரைச் சொல்லிவிட்டால், அந்தப் பெயரைச் சொல்லி நூலில் முடிச்சுப் போடுவேன். முடிச்சு விழுந்ததும் அது உடம்பை விட்டு நூலுக்கு வந்துவிடும். நூலை ஒகேனக்கல்லுக்குக் கொண்டுபோய், பரிசலில் நடு ஆற்றுக்குப் போய் அவிழ்த்துவிடுவோம். அதற்கப்புறம் காவேரி பார்த்துக்கொள்ளும்.

முதல் பெரிய பெயர் எங்களுக்குக் கிடைத்தது பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து லாட்ஜில். ஓர் அறையில் யார் தங்கினாலும் பக்கத்தில் யாரோ குறட்டை விடுகிறார்கள் என்று எழுந்து ஓடிவிடுவார்கள். போய்ப் பலகை போட்டு அக்கா கேட்டாள். மாரண்டஅள்ளிப் பக்கத்துக் கிழவர் ஒருவர். லாட்ஜ் ரூம்பாய் வாயால் பேசினார்.

"மழ இல்லாம ஊரே பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிடுச்சும்மா. வூடெல்லாம் பூட்டிக் கெடக்குது. தனியா எத்தன நாளைக்கு இருக்கறது? பேச்சுத் தொணைக்குத்தான் டவுனுக்கு வந்தேன்."

"தப்பில்லீங்க. ஆனா இங்க தங்கறவங்க பயப்படறாங்க இல்லீங்களா? பேரு சொல்லுங்க, நல்ல எடமாக் கொண்டுபோய் வுடறோம்" என்றாள் அக்கா.

மனிதர் உடனே சொல்லிவிட்டார். ஒகேனக்கல் பஸ்ஸில் அக்கா மூன்று டிக்கெட் கேட்டாள். மூன்றாவது யாருக்கு என்று கண்டக்டர் சுற்றும் முற்றும் பார்த்தார். "வர்றாருங்க, நீங்க கிழிங்க" என்றாள். உட்கார இடம் தராவிட்டால் அது யார் மடியிலாவது உட்கார்ந்துவிடும் என்பது அவள் கணக்கு. பென்னாகரம் தாண்டும்வரை கிழவர் நூலுக்குள் இருந்தபடியே குறட்டை விட்டார். திரும்பி வரும்போது மீன் வறுவல் வாங்கித் தின்றோம். வேலை நல்லபடியாக முடிந்த நாளில் மட்டும்தான் அக்கா மீன் வறுவல் தின்பாள். நாங்கள் நிறையவே தின்றிருக்கிறோம்.

டவுனில் எங்களுக்குப் பெயர் வந்துவிட்டது. "அக்கா தங்கச்சி வந்துட்டாங்க" என்றால் தெருவே வழி விடும். போன இடத்தில் வேலையை முடிக்காமல் திரும்பியதில்லை என்ற பெருமை அதுவரை எங்களுக்கு இருந்தது. அக்கா வெளியில் காட்டிக்கொள்ள மாட்டாள். நான் தாராளமாகக் காட்டிக்கொள்வேன்.

இப்போது அந்த வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். அதியமான்கோட்டைக்கு இந்தப் பக்கம், மெயின் ரோட்டு ஓரமாக ஒரு பஞ்சர் கடை, அதன் பின்னால் வீடு. இதற்கு மேல் அடையாளம் சொல்லமாட்டேன். கடைக்காரர்தான் ஆபீசுக்கு வந்தார். முழங்கையில் பல் பதிந்த காயம். மனைவி மாதம்மாளுக்குப் பெண் குழந்தை பிறந்து சில நாள்தான் ஆகிறது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறாள், யாராவது கிட்டே போனால் உறுமுகிறாள், கடிக்கிறாள் என்றார்.

மறுநாள் காலையில் போனோம். வழக்கம்போல நான் கொல்லைப்பக்கம் போனேன். துணி துவைக்கிற கல் மேல் ஒடித்த எருக்கங்குச்சி ஒன்று கிடந்தது. ஒடித்த இடத்தில் பால் இன்னும் காயவில்லை. பக்கத்தில் குழந்தைக்குப் பால் புகட்டும் சங்கு, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அந்தக் காலத்தில் பெண் பிறந்த சில வீடுகளில் இது நடக்கும். எருக்கம்பாலைச் சங்கில் எடுத்துக் குழந்தையின் வாயில் விட்டுவிடுவார்கள். கேட்டால் பால் குடிக்காமல் போய்விட்டது என்பார்கள். பெயர் வைப்பதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிடும்.

உள்ளே வந்து அக்காவின் காதில் சொன்னேன். அவள் முகம் மாறவில்லை. குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

வாசலில் மாமியார்க்காரி நின்றிருந்தாள்.

"மொதலும் பொட்டப்புள்ளங்க. அது பாலு குடிக்காமயே போயிடுச்சு. இதுவும் பொட்ட. நீங்க பேய மட்டும் எறக்கிக் குடுங்க. மத்தத நாங்க பாத்துக்கறோம்" என்றாள்.

"பாக்கலாங்க" என்றாள் அக்கா.

உள்ளே மாதம்மாள் சுவரோடு சுவராக ஒட்டி உட்கார்ந்திருந்தாள். இருபது வயது இருக்கலாம். பழைய புடவைத் துணியில் சுற்றிய குழந்தை அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் தொண்டைக்குள் உறுமல் வந்தது. அக்கா கதவைச் சாத்தி, குடையையும் பையையும் கீழே வைத்து, வெறும் கையை விரித்துக் காட்டினாள். மாவைத் தூவினேன். குழந்தையை விடாமல் அணைத்துக்கொண்டு மாதம்மாள் இரண்டு எட்டு வைத்தாள். குதிகால் பதியவில்லை. பேய் இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வர வழியே இல்லாமல் போய்விட்டது.

பலகையில் உட்காரவைத்தோம். அக்கா எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நான் நூலைக் கையில் எடுத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தபடி நின்றேன்.

"வணக்கங்க. உங்க பேரு என்னன்னு சொல்றீங்களா?"

இன்னொரு முறை கேட்டாள். மாதம்மாளின் வாயிலிருந்து மெல்லிய குரல் ஒன்று வந்தது. பேசிப் பழக்கமில்லாத குரல்.

"வெக்கல."

"என்ன வெக்கலீங்க?"

"பேரு வெக்கல."

"எந்த ஊருங்க நீங்க?"

"இங்கதான்." மாதம்மாளின் கை கொல்லைப்பக்கம் நீண்டது. "முருங்க மரத்துக்கிட்ட."

அக்கா கொல்லைப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவள் கேட்டபோது குரல் மாறியிருந்தது. தாவிவிட்டதோ என்று நான் ஒரு அடி முன்னால் வந்துவிட்டேன். தாவவில்லை. 'ங்க'வை விட்டுவிட்டுப் பேசினாள், அவ்வளவுதான். எந்தப் பேயிடமும் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

"நீ எதுக்குக் கண்ணு வந்த?"

"பாப்பாவப் பாத்துக்க."

அந்த வீட்டில் முதலில் பிறந்து போன பெண்தான் அது. தங்கை பிறந்ததும் எழுந்து வந்திருக்கிறது.

பெயரில்லாத பேயைக் கட்டவே முடியாது என்று நினைக்காதீர்கள். அதற்கும் முறை இருக்கிறது. பிடிக்க வந்தவளே ஒரு பெயரை வைக்கலாம். பிரியமாக வைத்து, அது அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்துவிட்டால் போதும், முடிச்சு விழுந்துவிடும். சின்னக் குழந்தை, அதிலும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத குழந்தை. அக்கா எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தாலும் ஆசையாகத் திரும்பிப் பார்த்திருக்கும். வேலை ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். நாங்கள் பஸ் ஏறியிருப்போம், துவைக்கிற கல்லில் இருந்த சங்கு வீட்டுக்குள் வந்திருக்கும்.

நான் நூலோடு நின்றேன். அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நூல உள்ள வையி" என்றாள்.

போலீசுக்குப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அன்றைக்கு அதையேதான் கேட்டேன். "நாம போயிட்டு வர்றதுக்குள்ள இங்க முடிஞ்சிருக்கும். இது ஒரு நிமிஷங்கூட நகராது" என்று அக்கா மாதம்மாளின் பக்கம் கையைக் காட்டினாள். பிறகு அந்தப் பெண்ணின் முழங்காலைத் தொட்டு, "மாதம்மா, உங்கிட்டத்தான் கேக்கறேன். இது இருக்கறது உனக்குக் கஷ்டமா இருக்குதா?" என்றாள்.

மாதம்மாளின் சொந்தக் குரல் வந்தது.

"இல்லீங்கக்கா. புள்ள பொறந்ததுல இருந்து நான் கண்ண மூடல. மூடுனா எடுத்துட்டுப் போயிருவாங்க. இது வந்ததுக்கு அப்புறந்தான் தூங்கறேன். நான் தூங்கறப்ப இது முழிச்சிருக்குதுங்க."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அக்கா குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். பஞ்சர் கடையில் டயர் கழற்ற வந்த லாரிக்காரர்கள் நின்றிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களும் கூடியிருந்தார்கள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, அவள் ஒரு நாளும் பேசாத உரத்த குரலில் பேசினாள்.

"இது பேரு சொல்லாத பேயிங்க. எங்களால எறக்க முடியாது. கொழந்த நல்லாருக்கற வரைக்கும் இது யாரையும் ஒண்ணும் பண்ணாது. கொழந்தைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா இதுக்கு இந்த ஒடம்புல வேலையில்ல. அப்பக் கிட்டத்துல யாரு இருக்கறாங்களோ அவங்க மேல ஏறும். ஏறுனா அந்த ஆள் சாகற வரைக்கும் எறங்காது."

மாமியார்க்காரி ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்தாள். பஞ்சர் கடைக்காரர் குழந்தை இருந்த அறையைப் பார்த்தார். அக்கா நேராகக் கொல்லைக்குப் போய், எருக்கங்குச்சியைச் சாக்கடையில் எறிந்துவிட்டுச் சங்கை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். "இது எங்களுக்கு வேணுங்க" என்றாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது, "அக்கா, அது நெஜமாவே அவங்க மேல ஏறுமா?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாது" என்றாள். "அவங்களுக்கும் தெரியாதில்ல?"

ஆபீசர் நம்பவில்லை. "முடியலையா? உங்களாலயா?" என்று கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "முடியலீங்க" என்றாள் அக்கா. அன்றைக்கு அவருக்கும் மறக்காமல் 'ங்க' போட்டாள். எங்கள் சர்வீசில் முடியவில்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை. ஆபீசில் சிலருக்கு அது பாயசம் குடித்தமாதிரி இருந்தது. "சிங்கங்க தோத்துடுச்சா?" என்று கொசு மருந்துக்காரர்கள்கூடக் கேட்டார்கள். உண்மை எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. அக்கா ஒரு பார்வை பார்த்தாள், விழுங்கிக்கொண்டேன்.

ஆபீசர் விடவில்லை. கிருஷ்ணகிரியிலிருந்து வேறொரு அக்கா தங்கையை வரவழைத்து அந்த வீட்டுக்கு அனுப்பினார். கெட்டிக்காரர்கள், பெயர் வைத்துக் கட்டுவதில் கை தேர்ந்தவர்கள். அவர்கள் போன பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அக்கா ஜெபமாலையை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். அவர்களிடம் எதையும் சொல்லி அனுப்பவில்லை. சொன்னால் விஷயம் ஆபீசர் காதுக்குப் போய்விடும், அவள் வாசலில் சொன்னது கட்டுக்கதை என்று ஊரே சொல்லிவிடும் என்று பயந்தாள்.

மதியம் தாண்டி அவர்கள் எங்கள் அறைக்கு வந்தார்கள். மூத்தவள் சரோஜா பையைக் கீழே வைத்துவிட்டு, டீ கேட்டாள். டீ வந்தது. ஆற்றி ஆற்றிக் குடித்தாள். கிளாசை வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தாள்.

"எங்களாலயும் முடியலக்கா" என்றாள்.

இளையவள் கண் சிவந்திருந்தது. அக்கா எழுந்து போய்ச் சரோஜாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்தத் தொழிலில் இருந்ததற்காக நான் இதைவிடப் பெருமைப்பட்ட நேரம் வேறு இல்லை. பிறகு சேலத்திலிருந்து வந்த இன்னொரு அக்கா தங்கையும் அதையே எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். ஆபீசர் கடைசியில் கைவிட்டுவிட்டார். அந்த நாவலில் வருகிற வாள்கார அக்கா தங்கைகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த டீதான் ஞாபகம் வருகிறது.

அதற்கப்புறம் அந்த ரோட்டில் பஸ்ஸில் போகும்போதெல்லாம் பஞ்சர் கடைப் பக்கம் எட்டிப் பார்ப்பேன். கொடியில் குழந்தைத் துணி காயும். பிறகு பாவாடை சட்டை காய்ந்தது.

சில வருஷம் கழித்து வேறொரு வேலையாகக் காரிமங்கலம் போயிருந்தோம். அன்றைக்குச் சந்தை. தக்காளிக் கூடைகளுக்கு நடுவே மாதம்மாள் உட்கார்ந்து வியாபாரம் செய்துகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டாள். உடம்பு தேறியிருந்தாள். மண்ணில் குதிகால் நன்றாகப் பதிந்திருப்பதைப் பார்த்தேன், தொழில் புத்தி. அவளை விட்டு அது எப்போதோ போயிருந்தது.

எங்கே போயிருந்தது என்று தேட வேண்டியிருக்கவில்லை. கூடைக்குப் பின்னால் அவள் மகள் குந்தி உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். தன் வாயில் ஒன்று போட்டுக்கொண்டாள். பக்கத்தில் ஒரு காகிதத்தில் ஒன்று வைத்தாள். வாய் ஓயாமல் யாரிடமோ பேச்சு வேறு.

அக்கா குனிந்து, "யாருகிட்டக் கண்ணு பேசறே?" என்று கேட்டாள்.

"எங்க அக்காகிட்ட."

"ஓ, அக்காவா. அக்காவுக்குக் கடல புடிக்குமா?"

"புடிக்கும். ஆனா உப்புப் போட்டது புடிக்காது." பிறகு அந்தப் பெண் தலையை நிமிர்த்தி, கேட்காமலே சொன்னாள்: "அக்காவுக்குப் பேரே இல்லீங்க. நான்தான் வெச்சேன்."

வைத்த பெயரையும் சொன்னாள். அழகான பெயர். அவள் சொன்னதும் காகிதத்தில் இருந்த கடலை லேசாக அசைந்தது. கூப்பிட்ட குரலுக்கு அது திரும்பிப் பார்த்திருக்கிறது.

நூல் என் தோளில் தொங்கிய பையில்தான் இருந்தது. எங்கள் சர்வீசில் முடிக்காமல் விட்ட ஒரே வேலை. பெயர் கிடைத்துவிட்டது, அது அந்தப் பெயருக்குத் திரும்பியும் பார்த்துவிட்டது. ஒரு முடிச்சுப் போட்டால் ஆபீசில் சிரித்தவர்கள் எல்லோருடைய வாயையும் அடைத்துவிடலாம். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் அந்தப் பெண்ணின் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு நிமிர்ந்தாள். மாதம்மாளிடம் தக்காளி வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள். கூட்டத்தைத் தாண்டிய பிறகுதான் பேசினாள்.

"அந்தப் புள்ள ஏதோ பேரு சொல்லுச்சே, உனக்குக் காதுல வுழுந்துச்சா?"

"இல்லக்கா."

"எனக்கும் வுழல" என்றாள்.

அக்கா இப்போது இல்லை. அந்தப் பெயரைத் தெரிந்த ஆள் எங்கள் தொழிலில் இன்று நான் ஒருத்திதான். யார் கேட்டும் சொன்னதில்லை, பூசையில்கூட உதட்டை மூடிக்கொண்டுதான் வேண்டிக்கொள்கிறேன். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பெண்களே, நீங்கள் கெட்டிக்காரிகள், எனக்குத் தெரியும். அதனால்தான் இங்கேயும் எழுதவில்லை.